79 வயதில் பித்தப்பை ஆபரேஷன்: வயசைக் காட்டி வேண்டாம் என்பது சரியா?

3 பிப்ரவரி 2025, காலை. கேட்டவர்: தேனிக்காரன்

அப்பாவுக்கு 79. சர்க்கரை, பிரஷர் இரண்டும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. போன மாதம் வலது விலாவுக்குக் கீழே கடும் வலி, வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டுச் சரியானது. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல், சுவர் தடித்திருக்கிறது என்று வந்தது. சர்ஜன் எடுத்துவிடலாம் என்கிறார். மருந்துக்கடை அண்ணன் முதல் சொந்தக்காரர்கள் வரை எல்லாரும் ‘இந்த வயசுல கத்தி வைக்காதே, மயக்கம் தாங்காது’ என்கிறார்கள். அறுபதைத் தாண்டினால் இந்த ஆபரேஷனில் பாதிப் பேர் எழுந்திருப்பதில்லை என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். வயசானால் உண்மையிலேயே ரிசல்ட் மோசமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

3 பிப்ரவரி, இரவு

பெரியப்பா கணக்கை ஓரமாக வையுங்கள். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் (சுருக்கமாக ‘லேப்’, சின்னத் துளைகள் போட்டுக் கேமரா விட்டுச் செய்வது), எல்லா வயதையும் சேர்த்து உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு என்ற அளவில்தான். வயது ஏற ஏற இது ஏறும், இல்லை என்று சொல்லவில்லை. எண்பதை ஒட்டியவருக்கு நாற்பது வயதுக்காரரைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியும் ‘பாதிப் பேர்’ என்பதற்கு ஏணி வைத்தாலும் எட்டாது.

நான் மயக்க மருத்துவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சர்ஜன் அல்ல. நோயாளியின் தலைமாட்டில் நின்று பார்த்தவன் பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு முழுக்க ‘செய்தால் என்ன ஆகும்’ என்பதைப் பற்றியே இருக்கிறது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பெரியப்பாவிடம் யாராவது கேட்டீர்களா? அப்பாவுக்கு வந்தது வெறும் வயிற்றுவலி இல்லை. பை வீங்கி, ஊசி மருந்தில் அடங்கியிருக்கிறது. கல் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது அவருக்கு 79 இருக்காது. நாள் பார்த்தும் வராது.

4 பிப்ரவரி

வயது எந்த வழியாக ரிசல்டைக் கெடுக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பிறந்த வருஷம் தானாக ஒன்றும் செய்வதில்லை, அதோடு சேர்ந்து வருபவைதான் செய்கின்றன.

முதலில் பை. வயதானவர்களிடம் கல் பல வருஷமாகக் கிடந்திருக்கும். நாலைந்து முறை சின்னச் சின்னதாக வீங்கி, ‘கேஸ் டிரபிள்’ என்ற பெயரில் அடங்கியிருக்கும். ஒவ்வொரு வீக்கத்துக்கும் ஒரு தழும்பு. கடைசியில் பித்தப்பை பழைய புளி மாதிரி கல்லீரலோடும் குடலோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுக்க நேரமாகும், ரத்தம் கசியும், லேப்பில் ஆரம்பித்து, வயிற்றை வெட்டித் திறக்கும் ஓப்பனுக்கு மாறும் வாய்ப்பு கூடும். ஆண்களுக்கு இது இன்னும் அதிகம்.

அப்புறம் கல் இருக்கும் இடம். வயது கூடக் கூட, கல் பையோடு நிற்காமல், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பித்த நாளத்துக்கும் இறங்கியிருப்பது அதிகமாகிறது. அப்போது ஒரு ஆபரேஷனாக முடிய வேண்டியது ஈ.ஆர்.சி.பி.யும் (வாய் வழியாகக் குழாய் விட்டு நாளத்துக் கல்லை எடுப்பது) சேர்ந்து இரண்டு வேலையாகிவிடும்.

இதயம், நுரையீரல், கிட்னி பற்றி எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். யாரும் பேசாத ஒன்று, எந்த நிலைமையில் வந்து சேர்கிறார்கள் என்பது. இளையவர் நாள் குறித்து, காலையில் குளித்துவிட்டு வருகிறார். முதியவர் நள்ளிரவில் ஆம்புலன்ஸில் வருகிறார். ‘வயசானவருக்கு ரிசல்ட் மோசம்’ என்ற புள்ளிவிவரத்தில் ஒரு பெரிய பங்கு இந்த நள்ளிரவுக்கு உரியது. அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டு, அந்தக் கணக்கைக் காட்டியே அடுத்தவரையும் தள்ளிப்போடச் சொல்கிறோம். அவரும் ஒரு நள்ளிரவில் வருகிறார்.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மருந்துக்கடை அண்ணனைக் குறை சொல்லவில்லை. அவர் கடையில் ஜெலுசில், பான்டொப்ரசோல் மாதிரி ‘கேஸ் டிரபிள்’ மருந்துகள் அப்படி ஓடுவதில் எங்கள் ஊர்ப் பித்தக்கல்காரர்கள் பங்கு கணிசம்.

6 பிப்ரவரி

‘இந்த வயசுல கத்தி வைக்காதே’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு காலத்தில் நியாயமான பேச்சு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ஓப்பன்தான். வலது விலா எலும்புக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் வெட்டு. மூச்சை இழுத்தால் வலிப்பது அந்த இடம்தான். இளையவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருமிச் சளியைத் துப்பிவிடுவார். எழுபது வயதுக்காரர், அதிலும் பீடி குடித்த நெஞ்சு, வலிக்குப் பயந்து இருமவே மாட்டார். மூச்சை மேலாகவே விடுவார். மூன்றாம் நாள் காய்ச்சல், நிமோனியா. பித்தப்பை அறுவை நன்றாக முடிந்து, நெஞ்சுச் சளியில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பெரியப்பாவும் அப்படி யாரையாவது பார்த்திருப்பார்.

முதல் பித்தப்பை அறுவையைச் செய்தவர் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக், 1882 ஜூலை 15. நோயாளிக்கு 43 வயது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் அந்த வெட்டுதான். 1985 செப்டம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கனில் எரிக் மூஹே என்ற சர்ஜன் லேப்ராஸ்கோப் வைத்து எடுத்தார், அப்போது அவருடைய சக மருத்துவர்களே அதை மதிக்கவில்லை. 1987-ல் பிரான்ஸின் லியோனில் பிலிப் மூரே செய்த பிறகுதான் காட்டுத்தீயாகப் பரவியது. இந்தியாவில் 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உட்வாடியா தொடங்கிவைத்தார். எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்து சேர இன்னும் சில வருஷம்.

வந்த புதிதில் லேப்புக்கு ஆள் பொறுக்கி எடுப்பார்கள். வீக்கம் இருந்தால் வேண்டாம், பழைய ஆபரேஷன் தழும்பு இருந்தால் வேண்டாம், குண்டாக இருந்தால் வேண்டாம். முதியவர்களை ஓப்பனுக்கே அனுப்பினோம். இப்போது நினைத்தால் தலைகீழ். சின்னத் துளைகளால் அதிக லாபம் அடைகிறவர்களே முதியவர்கள்தான். அன்று சாயங்காலமே உட்காரலாம், மறுநாள் நடக்கலாம், இருமலாம். இளையவருக்கு லேப்பால் தழும்பும் லீவும் மிச்சம், முதியவருக்கு நுரையீரலே மிச்சம்.

வெட்டு போய்விட்டது. வெட்டுக் காலத்து அறிவுரை மட்டும் வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கிறது.

9 பிப்ரவரி

‘அனுபவம் சரி, ஆதாரம் எங்கே சார்?’ என்கிறார் ஒரு தம்பி. இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் உள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களில், பித்தப்பை வீக்கத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஏறத்தாழ 30,000 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். 2010-ல் வெளியானது. நாலில் ஒருவருக்கு அந்தச் சேர்க்கையில் ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தார்கள். அப்படி வீட்டுக்குப் போனவர்களில் 38 சதவீதம் பேர் இரண்டு வருஷத்துக்குள் அதே கல் தொல்லையோடு திரும்பி வந்தார்கள். எடுத்துக்கொண்டவர்களில் திரும்பியது 4 சதவீதம்.

இரண்டாவது, நெதர்லாந்தில் நடந்த ‘சாக்லேட்’ ஆய்வு. பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், மருத்துவ ஆய்வுகளுக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள். 2018-ல் வெளியானது. பித்தப்பை வீங்கிய, ‘ஹை ரிஸ்க்’ என்று முத்திரை குத்தப்பட்ட 142 பேர். பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பி. மீதிப் பேருக்குத் தோல் வழியாகப் பைக்குள் குழாய் செருகிச் சீழை வடிய விடுவது. குழாய்தான் சாது, முதியவர்களுக்குப் பாதுகாப்பு என்று எங்களுக்கெல்லாம் நினைப்பு. முடிவு: பெரிய சிக்கல்கள் ஆபரேஷன் பக்கம் 12 சதவீதம், குழாய் பக்கம் 65 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இதில் எனக்கு ருசியான இடம் ஒன்று உண்டு. ‘ஹை ரிஸ்க்’ என்று எப்படித் தீர்மானித்தார்கள்? நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று அளக்கும் அபாச்சி என்ற மார்க் முறை, மார்க் ஏற ஏற ஆபத்து. 7 முதல் 14 வரை வாங்கினால் ஆய்வில் சேர்க்கை. அந்த முறையில் 75 வயது ஆகிவிட்டாலே, உடம்பில் வேறு குறையே இல்லாமல் 6 மார்க் கிடைத்துவிடும். இன்னும் ஒரே ஒரு மார்க், கொஞ்சம் காய்ச்சலோ வேகமான நாடித்துடிப்போ இருந்தால் போதும், அவர் ‘ஹை ரிஸ்க்’. உங்கள் அப்பா அன்று வலியோடு படுத்திருந்தபோது போட்டிருந்தால் அநேகமாக அவரும் பாஸ்.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் எல்லாத் தாத்தா பாட்டிக்கும் எடுத்துவிடலாமா?’ என்று ஒருவர் உற்சாகமாகக் கேட்கிறார். கொஞ்சம் பிரேக் போடுகிறேன்.

மெடிகேர் கணக்கில் ஆபரேஷன் செய்யாமல் விடப்பட்டவர்கள் யார்? பலர் ஏற்கெனவே நோஞ்சான்கள். அவர்கள் திரும்பி வந்ததில் அந்த பலவீனத்துக்கும் பங்கு இருக்கும். 38-ஐயும் 4-ஐயும் பக்கத்தில் வைத்து முழுப் பழியையும் கல் மேல் போட முடியாது. சாக்லேட் ஆய்வில் அந்தக் குறை இல்லை, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில்தான் பிரித்தார்கள். ஆனால் 15 மார்க்கும் அதற்கு மேலும் வாங்கியவர்களை அவர்கள் சேர்க்கவே இல்லை. ரத்த அழுத்தம் இறங்கி ஐ.சி.யு.வில் கிடப்பவருக்குக் குழாய்க்கு இன்றும் இடம் உண்டு.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 2018-ன் டோக்கியோ வழிகாட்டியில் பித்தப்பை வீக்கத்தை மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். அந்தப் படிகளைத் தீர்மானிக்கும் பட்டியலில் வயது கிடையாது. வெள்ளணுக்கள் எவ்வளவு, வலி தொடங்கி எத்தனை மணி நேரம், வேறு உறுப்பு எதுவும் பழுதாகிவிட்டதா, இவைதான். அதற்குப் பிறகு கூட இருக்கும் நோய்களைப் பார்க்கிறார்கள். எழுபது தாண்டினால் கூடாது என்று ஒரு வரி எங்கும் இல்லை.

என் மனசுக்குப் பட்டது: சுறுசுறுப்பான 82-ஐவிடத் தளர்ந்துபோன 66-க்கு மயக்கம் கொடுக்கத்தான் எனக்கு அதிகப் பயம்.

15 பிப்ரவரி

அத்தை கதையை எழுதுகிறேன் என்று முன்பு வேறொரு இழையில் சொல்லியிருந்தேன். இங்கேதான் பொருந்தும்.

என் அத்தைக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார், அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை. மருமகள் ரசம் சரியில்லை என்று கோபம் என்று வீட்டில் ஒரு தனிப் பஞ்சாயத்தே நடந்தது. அப்புறம் பேச்சு கொஞ்சம் தடுமாறியது. பக்கவாதமோ என்று பயந்து கூட்டிப்போனார்கள். முதலில் பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், ‘வயசுக் கோளாறு’ என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் போய் விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி, மூச்சை இழுங்கள் அத்தை என்றேன். பாதி இழுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். முகம் சுருங்கியது. ஸ்கேனில் பை நிறையச் சீழ்.

வயதானவர்களிடம் இது சகஜம். காய்ச்சல் வராது, ரத்தத்தில் வெள்ளணு ஏறாது, சர்க்கரைக்காரர்களுக்கு வலியே மங்கிவிடும். பை அழுகி ஓட்டை விழும் நிலைக்குப் போனபிறகு தெரியவரும். வயசானவர்களின் ரிசல்ட் மோசமாவதற்கு இந்தத் தாமதம் ஒரு முக்கியக் காரணம். அதில் பாதி வீட்டில் நடக்கிறது, பாதி ஆஸ்பத்திரியில்.

அத்தைக்கு லேப்பிலேயே எடுத்தார்கள். அன்று ராத்திரி வந்ததுதான் வேடிக்கை. ஐ.சி.யு. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, எப்போதோ நடந்த என் சித்தப்பா கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுக்கச் சொல்லி நர்ஸை விரட்டிக்கொண்டிருந்தார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்களாம். வீட்டில் எல்லாரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள், மூளை போய்விட்டது என்று.

மூளை போகவில்லை. அறுவைக்குப் பின் வரும் குழப்ப நிலை, முதியவர்களுக்கு அதிகம். கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றி அலமாரியில் பூட்டிவைத்திருந்தார்கள். பார்வையும் இல்லை, காதும் இல்லை, விளக்கு அணையாத அறை, தெரியாத முகங்கள். யாருக்குத்தான் குழம்பாது? கண்ணாடியை மாட்டி, காது மெஷினை வைத்து, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தோம். சில நாளில் தெளிந்துவிட்டார். தூக்க ஊசி போட்டு அடக்கியிருந்தால் இன்னும் நீண்டிருக்கும்.

காபி விஷயம் மட்டும் அவருக்குக் கடைசிவரை ஞாபகம் இல்லை. நாங்கள் மறக்கவில்லை.

16 பிப்ரவரி

இங்கே ஒரு ரகசியம். என் வயிற்றிலும் கல் இருக்கிறது. புராஸ்டேட்டுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. எனக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. எடுக்கவில்லை, எடுக்கும் உத்தேசமும் இல்லை.

இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. தொல்லையே தராத கல் ஒரு வருஷத்தில் தொல்லை தரத் தொடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை. பெரும்பாலோர் அதோடேயே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். நம் தென்னிந்தியாவில் நிறமிக் கற்கள் அதிகம், வடக்கே கங்கைச் சமவெளியில் கொழுப்புக் கற்களும் பித்தப்பைப் புற்றுநோயும் அதிகம். அங்கே இருப்பவர் வேறு மாதிரி யோசிக்கலாம்.

தொல்லை தரும் கல்லிலும் எல்லாவற்றுக்கும் அவசரம் இல்லை. பிரிட்டனில் ‘சி-கால்’ என்ற ஆய்வு, 2023-ல் வந்தது. வலி மட்டும் உள்ள, வீக்கமோ காமாலையோ இல்லாத 434 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்கு வலி மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும். 18 மாதம் கழித்து வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் அதற்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆனால் அவர்களின் சராசரி வயது ஐம்பதை ஒட்டி. எண்பதை நெருங்கும் ஒருவர் ஒரு முறை வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, இந்த ஆய்வைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

இளையவர்கள் குஷியாக வேண்டாம். உங்களுக்கு ஆபரேஷன் சுலபம், ஆனால் வலி போகும் என்று உறுதி இல்லை. நெதர்லாந்தில் ஆயிரம் பேருக்கு மேல் வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வருஷம் ஒன்று கழித்து முழுக்க வலி இல்லாமல் இருந்தவர்கள் பத்தில் ஆறு பேர்தான். அல்சர் வலிக்கும் ராத்திரி பரோட்டாவுக்கும் சேர்த்துப் பித்தப்பையைப் பலி கொடுத்தால் இப்படித்தான்.

16 பிப்ரவரி, இரவு

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கல் விழுகிறது என்று வீடியோ அனுப்பிய அன்பருக்கு: அது கல் அல்ல, எண்ணெயும் சாறும் குடலில் சேர்ந்து உருண்ட சோப்பு. வாழைத்தண்டுச் சாறு கேட்ட அன்பருக்கு: அது கிட்னிக் கல்லுக்குச் சொல்வது, வேறு தெரு.

23 பிப்ரவரி

தேனித் தம்பியிடமிருந்து தனிச் செய்தி. அப்பாவுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதாம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்களாம். பொதுவில் பதில் எழுத அனுமதி கேட்டேன், கொடுத்தார்.

நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்த ஒருவருக்குக் காமாலை வந்தால், கல் நாளத்தில் இறங்கி அடைத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அடைப்பை எந்த இலையும் கரைக்காது. கூடவே காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால் பித்த நாளத்தில் கிருமி பாய்கிறது என்று அர்த்தம். அந்த நோயை முதியவர் உடம்பு பல மணி நேரம் தாங்காது. ஈ.ஆர்.சி.பி.யில் வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்துவிட்டு, அப்புறம் பையை எடுப்பார்கள்.

நாளத்துக் கல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘வயசாச்சு, பை இருக்கட்டும்’ என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. தொழிற்சாலையை மூடாமல் லாரியை மட்டும் மடக்குகிற வேலை அது.

24 பிப்ரவரி

சேர்த்துவிட்டார்கள். ஈ.ஆர்.சி.பி. முடிந்தது, கல் வந்துவிட்டது, காமாலை இறங்குகிறது. பெரியப்பா இப்போது ‘சீக்கிரம் எடுத்துவிடுங்கள்’ என்கிறாராம்.

2 மார்ச்

ஃபிட்னெஸ் பற்றி. ‘எக்கோ நார்மல், ஈ.சி.ஜி. நார்மல், பிறகு ஏன் மயக்க டாக்டர் இத்தனை கேள்வி கேட்கிறார்’ என்று எரிச்சல் வேண்டாம். காகிதத்தைவிட அந்தக் கேள்விகள்தான் முக்கியம். நிற்காமல் இரண்டு மாடி ஏறுவாரா? தானே குளித்து உடுத்துகிறாரா? போன வருஷத்துச் சட்டை இப்போது தொளதொளவென்று இருக்கிறதா? சமீபத்தில் விழுந்தாரா? கனடாவில் ராக்வுட் என்ற மருத்துவரின் குழு 2005-ல் இதற்கு ஒரு அளவுகோல் கொண்டுவந்தது, இப்போது அது ஒன்று முதல் ஒன்பது வரை. இயந்திரம் எதுவும் வேண்டாம், கண்ணால் பார்த்தும் வீட்டாரைக் கேட்டும் போடுவது. எண்பது வயதில் தானே வயலுக்குப் போய்வருபவர் அதில் இரண்டோ மூன்றோ. படுக்கையோடு இருப்பவர் ஏழு, எட்டு.

மாத்திரைப் பட்டியலை எழுதிக் கொண்டுபோங்கள், அட்டையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அதை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சரியாகக் காட்டிக்கொண்டே ரத்தம் அமிலமாகிவிடும். ரத்தம் நீர்க்கும் மாத்திரை எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. ஸ்டென்ட் வைத்தவர்கள் தானாக ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குத்தான் நெஞ்சுவலி வரும்.

பல்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். ஆடும் பல் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கேட்டவருக்கு: பித்தக்கல்லுக்கு இரண்டு வருஷம் காத்திருப்பு என்று பல பாலிசிகளில் இருக்கும், கல் தெரிந்தபிறகு புதுசாக எடுத்தால் உதவாது. அதற்காக வீங்கிய பையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் காத்திருப்பது விவேகம் ஆகாது.

9 மார்ச்

‘முதுகில் ஊசி போட்டுச் செய்யக் கூடாதா, முழு மயக்கம் எதற்கு?’ செய்ய முடியும், சில இடங்களில் செய்கிறார்கள். நான் முதியவர்களுக்கு முழு மயக்கத்தையே விரும்பினேன். காரணம் கேஸ்.

வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றி, கூடாரம் போல் தூக்கி நிறுத்தினால்தான் கேமராவுக்கு இடம் கிடைக்கும். பாதரசத்தில் 12 மில்லிமீட்டர் அளவு அழுத்தம். கேஸ் ஏறத் தொடங்கும் அந்த ஓரிரு நிமிஷம்தான் என் உயிர் என் கையில் இருக்காது. வயிற்றுச் சவ்வு இழுபடும்போது நாடி திடீரென்று இறங்கும். மானிட்டரின் ‘பீப்’ ஓசை நீண்டுகொண்டே போகும். பிரஷருக்கு நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சொல்லவே வேண்டாம். ‘கேஸை விடுங்க’ என்று ஒரு சத்தம் போட்டால் சர்ஜன் உடனே திறந்துவிடுவார். நாடியை ஏற்ற அட்ரோபின் ஒரு ஊசி. மறுபடி மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் ஏற்றச் சொல்வேன். பிறகு தலைப்பக்கம் உயர்த்தி இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பார்கள், அப்போது காலில் ரத்தம் தங்கி பிரஷர் இறங்கும். இளம் இதயம் தானே ஈடுகட்டிவிடும், முதிய இதயத்துக்கு நாம் கை கொடுக்க வேண்டும். மூச்சு என் பிடியில் இருந்தால் அந்த வாயுவை நானே வெளியேற்ற முடியும். ஆகவே முழு மயக்கம்.

எழுந்ததும் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். மாரடைப்பு என்று அலற வேண்டாம், பெரும்பாலும் மிச்ச கேஸ் உதரவிதானத்தை உறுத்துவது. எண்பதை நெருங்குபவர் என்பதால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகலாம்.

14 மார்ச்

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ‘முழுப் பையையும் எடுக்க முடியவில்லை, கழுத்துப் பகுதியை விட்டுவிட்டோம்’ என்று சர்ஜன் சொன்னதாகத் தம்பி பயந்து எழுதியிருக்கிறார். பயப்படாதீர்கள். அது தோல்வி இல்லை, நல்ல சர்ஜன் எடுத்த நல்ல முடிவு. பித்தப்பையின் கழுத்துக்குப் பக்கத்திலேயே முக்கியப் பித்த நாளம் ஓடுகிறது. இரண்டும் ஒட்டிக்கிடக்கும்போது வீம்புக்குப் பிரித்தால் நாளம் அறுபடும். அப்படி அறுபட்டால் வயது என்னவானாலும் வாழ்க்கையே மாறிப்போகும். கல்லையெல்லாம் எடுத்து, பையின் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, ஆபத்தான ஓரத்தைத் தொடாமல் திரும்புவதுதான் இப்போதைய வழக்கம். வயிற்றில் வைத்த வடிகுழாயில் (டிரெயின்) சில நாள் பித்தம் கசியலாம். நிற்காவிட்டால் ஈ.ஆர்.சி.பி.யில் பித்த நாளத்துக்குள் ஒரு சின்னக் குழாய் (ஸ்டென்ட்) வைப்பார்கள்.

பிப்ரவரி 4 அன்று நான் எழுதிய தழும்பு விஷயம் இதுதான். இதே அப்பாவுக்கு, முதல் வலியில் சேர்ந்தபோதே எடுத்திருந்தால் முழுசாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மனியில் 618 பேரை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களுக்குச் சிக்கல் 12 சதவீதம், வீக்கம் அடங்கட்டும் என்று சில வாரம் காத்திருந்தவர்களுக்கு 34. இது அவரைக் குறை சொல்ல இல்லை, இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு.

21 மார்ச்

டிரெயினை எடுத்துவிட்டார்களாம். அப்பா வாசல்வரை நடந்து பேப்பர் படிக்கிறார், இட்லி இரண்டு இறங்குகிறது. ராத்திரி குழப்பம் எதுவும் வரவில்லை. கண்ணாடியை முகத்திலேயே வைத்திருந்தார்களாம், அத்தை கதையைப் படித்த பலன்.

எண்ணெய் கூடாதா என்ற கேள்விக்கு: கொஞ்ச நாள் குறைவாக, அப்புறம் வழக்கம்போல். சிலருக்கு முதல் சில வாரம் வயிறு இளகலாகப் போகும்.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள் தம்பி. எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். எதிர்பாராமல் புற்றுநோய் தெரிவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, ஆனால் வயதானவர்களிடம் அது சற்று அதிகம். ‘ஒன்றும் இல்லை என்று போனில் சொன்னார்கள்’ என்பது போதாது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு பின் அடித்து வையுங்கள். கழுத்துப் பகுதி மிச்சம் இருக்கிறது என்ற வரி சம்மரியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் ஸ்கேன் எடுத்தால் அவருக்கு அது தெரிய வேண்டும்.